வகுப்பறையிலும் காப்பகத்திலும் நரம்பியல் பன்மைக் குழந்தைகள்: ஆசிரியர்களுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆட்டிசம் (பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் புலன்களிலும் வேறுபாடு), ஏ.டி.எச்.டி (கவனத்தை நிறுத்துவதும் அசையாமல் இருப்பதும் கடினம்), டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் சிரமம்), டிஸ்பிராக்சியா (உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிரமம்), டிஸ்கால்குலியா (எண்களைப் புரிந்துகொள்வதில் சிரமம்), டூரெட் சிண்ட்ரோம் (கட்டுப்பாட்டை மீறி வரும் அசைவுகளும் ஒலிகளும்). இவற்றில் ஒன்று உள்ள குழந்தை இன்றைக்கே உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். யாரும் இதுவரை பெயர் வைக்காமல்கூட இருக்கலாம். தகவலை வாங்குவதும் அடுக்குவதும் வெளிப்படுத்துவதும் பெரும்பாலானவர்களின் மூளையில் நடப்பதுபோல இவர்களுக்கு நடப்பதில்லை. இவர்களைத்தான் நரம்பியல் பன்மைக் குழந்தைகள் என்கிறோம்.

ஒரே குழந்தையிடம் இரண்டு மூன்று சேர்ந்திருப்பது சகஜம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டின்படி, ஆட்டிசம் இருக்கும் குழந்தைக்கு ஏ.டி.எச்.டி-யும் இருப்பதாக 2013-க்கு முன் எழுதவே முடியாது. அந்த ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான் அந்தத் தடை நீங்கியது. ஆகவே கோப்பில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு குழந்தையைப் புரிந்துகொள்ள முடியாது. ஆட்டிசம் உள்ள இரண்டு பேரில் ஒருத்தி சத்தத்துக்குக் காதைப் பொத்துவாள், இன்னொருவன் தானே சத்தம் போட்டுக்கொண்டே இருப்பான்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகும்: குழந்தையை மாற்றப் பார்ப்பதற்கு முன்னால் அதன் நாளை மாற்றுங்கள். அதுவும் முழு நாளை வேண்டாம். குழந்தை மிகவும் திண்டாடுகிற ஓர் அரைமணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகிற எதற்கும் மருத்துவ அறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகலாம். குழந்தை நாளைக் காலையே வந்துவிடும்.

படி 1: குழந்தை வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

பெற்றோரிடம் "என்ன பிரச்சினை?" என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் ஏற்கெனவே பல இடங்களில் பதில் சொல்லிச் சலித்திருப்பார்கள். "எதைப் பார்த்தால் முகம் மலரும்?" என்று கேளுங்கள். அதிலிருந்து மற்றவை தானாக வரும்.

கட்டாயம் கேட்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. வேண்டாம் என்பதைக் குழந்தை எப்படிக் காட்டும்? வலியை எப்படிக் காட்டும், அல்லது காட்டவே காட்டாதா? பொறுமை உடையப் போகிறது என்பதற்கு முதல் அறிகுறி என்ன? எது அமைதிப்படுத்தும், எதைச் செய்தால் நிலைமை மோசமாகும்? கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லுமா? சட்டென ஓடிவிடும் பழக்கம் உண்டா? வலிப்பு வந்திருக்கிறதா? ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவதால் கடைசிக் கேள்வியை விட்டுவிடவே கூடாது. மருந்து எடுத்துக்கொள்கிறது என்றால் எந்த நேரத்தில் என்பதும் முக்கியம், ஏனென்றால் மருந்தின் வேகம் குறையும் நேரத்தில் குழந்தையின் நடத்தை மாறலாம்.

இவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பக்கம் ஆனால் யாரும் படிக்க மாட்டார்கள். பேசவோ எழுதவோ படம் காட்டிச் சொல்லவோ முடிகிற குழந்தையாக இருந்தால், அதையும் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். "எனக்குப் பின்னால் இருந்து தொட்டால் பிடிக்காது" என்று குழந்தையின் வாக்கியமாகவே இருக்கட்டும். அந்தப் பக்கத்தின் ஒரு பிரதி வண்டியில் கூட்டிவருபவர், உதவியாளர், மாற்று ஆசிரியர் எல்லோரிடமும் இருக்க வேண்டும். வகுப்பாசிரியர் விடுப்பில் இருக்கும் நாளில்தான் அந்தத் தாள் அதிகம் தேவைப்படும்.

படி 2: உடனே எதையும் செய்யாதீர்கள், கவனியுங்கள்

முதலில் உடம்பைப் பாருங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், பசி, தூக்கமின்மை. திடீரென்று அடிக்கவோ தலையை முட்டிக்கொள்ளவோ தொடங்கிய குழந்தைக்குப் பின்னால் இவற்றில் ஒன்று இருக்க நிறைய வாய்ப்புண்டு. உடலுக்குள்ளிருந்து வரும் சைகைகள் சில குழந்தைகளுக்குத் தெளிவாகப் புரிவதில்லை. பசிக்கிறது, சிறுநீர் வருகிறது, காய்ச்சலடிக்கிறது என்பதெல்லாம் மொத்தமாக ஏதோ சங்கடமாக மட்டுமே தெரியும். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால் பதில் வராது. மருத்துவரிடம் காட்டச் சொல்லிப் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தபிறகு ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்தி பிரியுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதற்குப் பின் என்ன நடந்தது. நேரம், இடம், அருகில் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் எழுதுங்கள். "முரண்டு பிடித்தான்", "கோபப்பட்டான்" என்று எழுதாதீர்கள், அவை உங்கள் தீர்ப்புகள். "பென்சிலை எறிந்தான், மேசைக்கு அடியில் போனான்" என்று கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஐந்து வயதுப் பையன். வகுப்பில் அமைதியானவன். ஆனால் அடிக்கடி மற்ற பிள்ளைகளைத் தள்ளுகிறான், ஒருமுறை கடித்தும் விட்டான். "காரணமே இல்லாமல் அடிக்கிறான்" என்பது எல்லோருடைய முடிவு. நோட்டைப் பத்து நாள் கழித்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. விளையாடப் போகும்போது, கைகழுவப் போகும்போது, வீட்டுக்குக் கிளம்பும்போது: எல்லாமே வரிசையில் நிற்கும் நேரங்கள். இன்னும் உற்றுப்பார்த்தால், அவன் வரிசையின் நடுவில் நிற்கும்போது மட்டுந்தான். கடைசியில் நின்ற இரண்டு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. அடி விழுவது எப்போதும் பின்னால் நிற்பவனுக்கு. பின்னாலிருந்து வரும் லேசான உரசல் அவனுக்குத் திடீர்த் தாக்குதல்போல இருக்கிறது. மெல்லிய தொடுகையைத் தாங்க முடியாத குழந்தைகள் இறுக்கமான அணைப்பைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்வதுண்டு, அதனால் "கட்டிப்பிடித்தால் சிரிக்கிறானே, தொட்டால் பிடிக்காது என்பது எப்படி?" என்ற குழப்பமும் வரும்.

தீர்வு ஒரு நிமிட வேலை. அவனுக்குக் கதவைப் பிடிக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். எல்லோரும் போனபின் கடைசியாக அவன் வருவான். பின்னால் யாரும் இல்லை. மன்னிப்புக் கேட்க வைப்பதும் மூலையில் உட்கார வைப்பதும் மாதக்கணக்கில் செய்யாததை அந்தக் கதவு செய்தது. அப்புறம் மெதுவாக, "தள்ளி நில்லு" என்று வாயால் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். இந்த வரிசை முக்கியம்: சூழலை முதலில் மாற்றுவது, திறனைப் பிறகு கற்றுக்கொடுப்பது. பதற்றத்தில் இருக்கும்போது யாருக்கும் எதுவும் ஏறாது.

படி 3: அறையைக் குழந்தையின் உயரத்திலிருந்து பாருங்கள்

குழந்தை உட்காரும் இடத்தில் நீங்கள் பத்து நிமிடம் உட்காருங்கள். மின்விசிறியின் கிறீச்சொலி, மினுக்கும் குழல்விளக்கு, நாற்காலிக் கால்கள் தரையில் உரசும் சத்தம், பக்கத்து அறையின் பாட்டு, கழிப்பறைக் கதவின் நாற்றம். நமக்குப் பின்னணிக்குப் போய்விடும் இந்தச் சமாச்சாரங்கள் சில குழந்தைகளுக்கு நாள் முழுக்க முன்னாலேயே நிற்கும்.

செலவில்லாத மாற்றங்கள் நிறைய இருக்கின்றன. நாற்காலிக் கால்களுக்கு அடியில் தடித்த துணி ஒட்டலாம். வாசலுக்கும் நடைபாதைக்கும் தள்ளி, முதுகுப்பக்கம் சுவர் இருக்கும்படி இடம் கொடுக்கலாம். பகல் வெளிச்சம் போதுமானால் விளக்கை அணைக்கலாம். மணி அடிக்கப் போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லலாம். குழந்தை எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறதோ அந்தச் சுவரைக் காலியாக விடுங்கள். 2014-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மழலையர் வகுப்புக் குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, சுவர் முழுக்க அலங்காரம் இருந்த அறையில் அவர்களின் கவனம் அதிகம் சிதறியது, கற்றதும் குறைந்தது. சிறிய ஆய்வுதான், பொதுவான குழந்தைகள்தான். கவனத்தைக் கட்டிவைக்கப் போராடும் ஒரு குழந்தைக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அறையில் ஓர் அமைதி மூலை வேண்டும். திரைச்சீலை, மெத்தை, கையில் வைத்துப் பிசைய ஏதாவது இருந்தால் போதும். இரண்டே விதிகள்: அங்கே தண்டனைக்காக யாரையும் அனுப்பக்கூடாது, அங்கே போக யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்துவிடுங்கள். ஒரு குழந்தைக்கு மட்டும் என்றால் அது முத்திரையாகிவிடும்.

இதற்கு நேர்மாறாக, புலன் தூண்டலைத் தேடி அலையும் குழந்தைகளும் உண்டு. குதிப்பார்கள், மோதுவார்கள், எதையாவது கடித்துக்கொண்டே இருப்பார்கள். இவர்களை அடக்கி உட்காரவைப்பது வீண் முயற்சி. புத்தகக் கட்டைத் தூக்கி அடுக்குவது, நாற்காலிகளைத் தள்ளிவைப்பது, சுவரைக் கைகளால் அழுத்தித் தள்ளுவது என்று தசைக்கு வேலை கொடுங்கள். கைகளைப் படபடவென்று அசைப்பது, முன்னும் பின்னும் ஆடுவது, முனகுவது எல்லாம் குழந்தை தன்னைத்தானே நிதானப்படுத்திக்கொள்ளும் வழிகள். தனக்கோ மற்றவருக்கோ காயம் ஏற்படாதவரை அவற்றை நிறுத்தாதீர்கள். சத்தம் குறைக்கும் ஹெட்போன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எப்போது தேவையோ அப்போது போட்டுக்கொள்ளட்டும்.

படி 4: அடுத்து என்ன என்பதைக் கண்ணுக்குக் காட்டுங்கள்

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1972-இல் மாநில அளவில் தொடங்கிய டீச் திட்டம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் படஅட்டவணையை ஒரு முக்கியக் கருவியாக்கியது. சொன்னது காற்றில் போய்விடும், படம் அங்கேயே இருக்கும். குழந்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வடிவம் என்பது குழந்தையைப் பொறுத்தது. படம் புரியாத குழந்தைக்குப் பொருளையே கொடுங்கள்: பந்தைக் கையில் கொடுத்தால் விளையாடப் போகிறோம். அடுத்த கட்டம் உண்மையான புகைப்படம், அதற்கடுத்தது கோட்டோவியம், கடைசியில் எழுத்து. முழுநாள் அட்டவணை மலைக்க வைத்தால் "முதலில் இது, பிறகு அது" என்று இரண்டே கட்டம் போதும். முடிந்த வேலையின் படத்தைக் குழந்தையே கழற்றி ஒரு பெட்டியில் போடட்டும். அதில் ஒரு நிறைவு கிடைக்கிறது.

நேரத்தையும் இப்படித்தான் காட்ட வேண்டும். "இன்னும் ஐந்து நிமிஷம்" என்பது ஏ.டி.எச்.டி உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் அர்த்தமில்லாத சொல். சிவப்பு வட்டம் குறைந்துகொண்டே வரும் டைமரோ மணற்கடிகாரமோ இருந்தால் நேரம் கண்ணெதிரே கரைவது தெரியும். திடீர் மாற்றங்களுக்கென்று ஒரு தனிப் படம் தயாராக இருக்கட்டும். முதன்முதலில் அந்தப் படத்தை நல்ல செய்திகளுக்கே பயன்படுத்துங்கள்: இன்றைக்குக் கணக்குக்குப் பதில் தண்ணீரில் விளையாட்டு என்பதுபோல. மாற்றம் என்றாலே ஆபத்து என்ற பழைய பாடம் அப்படித்தான் மெல்ல மாறும்.

படி 5: குறைவாகப் பேசுங்கள், அதிகம் காத்திருங்கள்

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக்கினாலே குழந்தைகளின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமலே இருந்தவர்களும் பேசத் தொடங்கினார்கள். இது எல்லாக் குழந்தைகளையும் பற்றியது. பேச்சை உள்வாங்க அதிக நேரம் எடுக்கும் குழந்தைக்குப் பத்து விநாடிகூட வேண்டியிருக்கும். மனதுக்குள் எண்ணுங்கள். நடுவில் வேறு வார்த்தைகளில் திரும்பக் கேட்டுவிட்டால் குழந்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். திரும்பச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

"ஓடாதே" என்பதைவிட "நடந்து வா" நல்லது. செய்யக்கூடாததைச் சொன்னால், செய்ய வேண்டியதை அந்தக் குழந்தையே கண்டுபிடித்தாக வேண்டும். "பையை எடுத்து வைத்துவிட்டு, நோட்டைத் திறந்து, தேதி எழுதி, நேற்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பி" என்பது நான்கு கட்டளைகள். ஒவ்வொன்றாகக் கொடுங்கள், அல்லது பலகையில் எண் போட்டு எழுதுங்கள். கிண்டல், குத்தல், "நல்லா இருக்கு நீ பண்றது" போன்ற தலைகீழ்ப் பேச்சு ஆகியவற்றை அறவே விடுங்கள். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும் குழந்தை அதைப் பாராட்டு என்றே நினைக்கும். கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்தாதீர்கள். பல குழந்தைகளால் பார்க்கவும் கேட்கவும் ஒரே நேரத்தில் முடியாது. எங்கோ பார்த்துக்கொண்டு முழுதாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லும் குழந்தை, வெறுமனே ஒப்பிக்கவில்லை. "தண்ணி வேணுமா?" என்று அது உங்களிடம் வந்து சொன்னால், தனக்குத் தண்ணீர் வேண்டும் என்பதாக இருக்கலாம். முழு வாக்கியத்தையும் ஒரே துண்டாகச் சேமித்துவைத்துப் பயன்படுத்துகிறது. "எனக்குத் தண்ணி வேணும்" என்று நீங்கள் சொல்லிக்காட்டிவிட்டுத் தண்ணீரைக் கொடுங்கள்.

பேசாத குழந்தைக்குப் படப்பலகையோ டேப்லெட் செயலியோ கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதரவு தரவில்லை. சிலரிடம் பேச்சு கூடவும் செய்கிறது. கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் பயனில்லை. நீங்களும் பேசும்போது அந்தப் படங்களைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். ஒரு குழந்தை பேச்சைக் கேட்டுத்தான் பேசக் கற்கிறது, இதுவும் அப்படியே. "வேணும்" என்பதை மட்டும் கற்றுக்கொடுத்து நின்றுவிடாதீர்கள். "வேண்டாம்", "நிறுத்து", "உதவி", "வலிக்குது" ஆகியவை முதல் நாளிலிருந்தே பலகையில் இருக்கட்டும். குழந்தை "வேண்டாம்" என்று காட்டினால், முடிந்த இடத்திலெல்லாம் அதை மதியுங்கள். சேட்டை செய்தது என்பதற்காக அந்தப் பலகையையோ கருவியையோ பிடுங்கி வைப்பது வாயைக் கட்டுவதற்குச் சமம். ஒருபோதும் செய்யக் கூடாது. பேசாத குழந்தைக்கு எதுவும் புரியாது என்று நினைத்து அதன் தலைக்கு மேலே அதைப் பற்றியே பேசுவதும் அப்படித்தான்.

படி 6: பாடத்தை வைத்துக்கொண்டு வழியை மாற்றுங்கள்

இங்கே நீங்கள் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பயிற்சியில் நான் எதைச் சோதிக்கிறேன்? அறிவியல் புரிந்ததா என்று பார்க்க வேண்டுமென்றால் டிஸ்லெக்சியா உள்ள மாணவி ஏன் பத்துவரி எழுதியாக வேண்டும்? வாயால் சொல்லட்டும், வரைந்து காட்டட்டும். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பதை மொழிப் பாடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முன்னறிவிப்பில்லாமல் எழுந்து சத்தமாகப் படிக்கச் சொல்லாதீர்கள். படிக்க வைக்கத்தான் வேண்டும் என்றால் முந்தைய நாளே அந்தப் பத்தியைக் கொடுத்துவிடுங்கள். பலகையில் இருப்பதை நகலெடுக்க வைப்பதற்குப் பதில் அச்செடுத்த தாளைக் கொடுங்கள். வாசிப்பைக் கற்பிக்க, ஒலியையும் எழுத்தையும் இணைத்து, சிறு சிறு அடியாக, திரும்பத் திரும்பச் சொல்லித்தரும் முறைக்குத்தான் வலுவான சான்று இருக்கிறது. நிறக் கண்ணாடித் தாள்களுக்கும் டிஸ்லெக்சியாவுக்கென்று விற்கும் எழுத்துருக்களுக்கும் அப்படிப்பட்ட சான்று இல்லை, பணத்தை அங்கே செலவழிக்காதீர்கள்.

ஏ.டி.எச்.டி உள்ள குழந்தைக்கு வேலையைத் துண்டாக்குங்கள். இருபது கணக்கு இருந்தால் ஐந்தைக் கொடுத்து, முடித்ததும் எழுந்து வந்து உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். அந்த நடையே அதற்கு ஓர் இடைவேளை. செய்தது எப்படி இருக்கிறது என்பதை உடனுக்குடன் சொல்லுங்கள், மாதக் கடைசியில் கிடைக்கும் பரிசு அதற்கு எட்டாத தூரம். தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பறிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அசைவு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமிருந்துதான் அது பெரும்பாலும் பறிக்கப்படுகிறது. எல்லோர் பெயரையும் சுவரில் எழுதி நட்சத்திரம் ஒட்டும் அட்டவணையும் வேண்டாம். யாருடைய வரிசை காலியாக இருக்கப்போகிறது என்பது ஒட்டுவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும்.

டிஸ்பிராக்சியா என்றால் எழுதுவது, பொத்தான் போடுவது, கத்தரிப்பது எல்லாமே உழைப்பு. தட்டச்சுக்கு மாற்றலாம், கூடுதல் நேரம் கொடுக்கலாம். டிஸ்கால்குலியாவுக்குக் கையில் தொட்டு எண்ணும் பொருள்களை வயதாகிவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். டூரெட் உள்ள குழந்தையிடம் அதன் கட்டுப்பாட்டை மீறி வரும் அசைவையோ ஒலியையோ கவனிக்காததுபோல இருந்துவிடுங்கள். அடக்கு என்று சொன்னால் பதற்றம் கூடி அதுவும் கூடும்.

"அவனுக்கு மட்டும் ஏன்?" என்று மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். "அவனுக்கு அது தேவை, உனக்குத் தேவையானது என்ன?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்வார்கள், அந்தப் பதிலும் உங்களுக்கு உதவும்.

படி 7: வெடிக்கும் நேரத்தில்

அடம்பிடிப்பதும் உடைந்துபோவதும் ஒன்றல்ல. அடம்பிடிக்கும் குழந்தைக்கு ஒரு நோக்கம் இருக்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும், நாம் பார்க்கிறோமா என்றும் பார்த்துக்கொள்ளும். உடைந்துபோன குழந்தையால் நிறுத்த முடியாது. கேட்டதைக் கொடுத்தாலும் அடங்காது. தாங்க முடியாத அளவுக்கு நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். சில குழந்தைகள் வெடிக்காமல் உறைந்துபோவார்கள்: பேச்சு நிற்கும், உடல் விறைக்கும், மேசையில் கவிழ்ந்துவிடுவார்கள். வகுப்புக்குத் தொந்தரவில்லை என்பதால் இது கண்ணில் படுவதே இல்லை. இரண்டுக்கும் உதவி ஒன்றுதான்.

அந்த நிமிடங்களில் செய்ய வேண்டியவை:

1. சுற்றியிருப்பதைக் குறையுங்கள். விளக்கு, சத்தம், கூட்டம். குழந்தையை இழுத்துச் செல்வதைவிட மற்ற பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவது எளிது. யார் கூட்டிப்போவது என்பது முன்பே முடிவாகியிருக்கட்டும்.
2. ஒரே ஒரு பெரியவர் அருகில் இருக்கட்டும். எதிரே நின்று குனிந்து பார்க்காமல், பக்கவாட்டில், கை எட்டாத தூரத்தில் உட்காருங்கள்.
3. பேச்சை நிறுத்துங்கள். "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒருமுறை மெதுவாகச் சொன்னால் போதும். ஏன் செய்தாய், இப்போதே நிறுத்து, அம்மாவிடம் சொல்லட்டுமா என்பதெல்லாம் இன்னொரு சத்தம்.
4. தொடாதீர்கள், அணைப்பு உதவும் என்று அந்த ஒருபக்கத் தாளில் எழுதியிருந்தால் தவிர. தலையை முட்டிக்கொண்டால் நடுவில் மெத்தையை வையுங்கள்.
5. உடனடி ஆபத்து இருந்தாலொழிய பிடித்து அழுத்தக்கூடாது. குப்புறப் படுக்கவைத்து அழுத்துவது மூச்சை அடைக்கும், உயிரே போயிருக்கிறது.

அடங்கியபின் களைப்பு வரும். தண்ணீர் கொடுங்கள், இருட்டான இடத்தில் விடுங்கள். உடனே பாடத்துக்குத் திருப்பினால் சில நிமிடங்களில் மறுபடியும் வெடிக்கும். பேச வேண்டியதை அடுத்த நாள் பேசலாம். வெட்கத்தில் கூனிக்குறுகி நிற்கும் குழந்தையிடம் விசாரணை நடத்தாதீர்கள். நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் வெடிப்புக்கு அரைமணி நேரம் முன்பிருந்தே அறிகுறிகள் தெரிந்திருக்கும்: காது சிவப்பது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, சட்டையைக் கடிப்பது. அடுத்த முறை அங்கேயே குறுக்கிடலாம்.

ஓடிவிடும் குழந்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2012-இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது ஓடிப்போக முயன்றதாகப் பெற்றோர் சொல்லியிருந்தார்கள். பெரிய ஆபத்து நீர்நிலையும் சாலையும். கதவுத் தாழ்ப்பாள், வாசலில் யார், காணோம் என்றால் முதலில் எங்கே தேடுவது என்பதை எழுதிவையுங்கள். அருகில் குளமோ நீச்சல்குளமோ இருந்தால் முதலில் அங்கே ஓடுங்கள். எங்கிருந்து ஓடுகிறது, எதை நோக்கி ஓடுகிறது என்று நோட்டில் பாருங்கள். சத்தத்திலிருந்து ஓடுகிற குழந்தைக்குப் பூட்டைவிட அமைதி மூலைதான் அதிகம் உதவும்.

படி 8: சாப்பாடு, கழிப்பறை, தூக்கம்

காப்பகத்தில் வேலை செய்பவர்களுக்கு நாளின் பாதி இதுதான். தொடுவதற்கு முன் சொல்லுங்கள்: "இப்போது முகம் துடைக்கப் போகிறேன்." சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுங்கள். உடை மாற்றும்போது கதவைச் சாத்துங்கள், குழந்தை எவ்வளவு சிறியதானாலும். யார் தொடலாம், எங்கே தொடலாம் என்ற எல்லையைப் பேசமுடியாத குழந்தை கற்றுக்கொள்வது நீங்கள் நடந்துகொள்வதைப் பார்த்துத்தான்.

சில உணவுகளை மட்டுமே தொடும் குழந்தையிடம் ஒரு வாய் மட்டும் என்று திணிக்காதீர்கள். பல நேரம் சிக்கல் ருசியில் இல்லை, வாயில் படும் பதத்தில் இருக்கிறது. பழகிய உணவு தட்டில் எப்போதும் இருக்கட்டும், புதியது பக்கத்தில் சும்மா இருக்கட்டும். தொடலாம், முகரலாம், விட்டுவிடலாம். எடை குறைந்தாலோ, இருக்கும் சில உணவுகளும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போனாலோ மருத்துவரிடம் போகச் சொல்ல வேண்டும்.

தூங்காத குழந்தையைத் தூங்கவைக்கப் போராட வேண்டாம். அமைதியாக ஏதாவது செய்ய இடம் கொடுங்கள். கழிப்பறையில் சட்டெனப் பாயும் தண்ணீரும் கைகாயவைக்கும் இயந்திரமும் பயமுறுத்தலாம். குழந்தை வெளியே வந்தபின் தண்ணீர் விடுங்கள், கை துடைக்கத் துணி கொடுங்கள்.

படி 9: நட்பும் இடைவேளையும்

வகுப்பைவிடக் கடினமான நேரம் இடைவேளை. விதி இல்லை, சத்தம் அதிகம், யாரோடு என்ன செய்வது என்று தெரியாது. தனியாக இருக்க விரும்பும் குழந்தையைக் கூட்டத்தில் தள்ளாதீர்கள், தனியாக விடப்பட்ட குழந்தையை அப்படியே விட்டுவிடாதீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அருகில் நின்று பார்த்தால்தான் தெரியும். குழந்தைக்குப் பிடித்த விஷயத்தை மையமாக வைத்து மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுவை உருவாக்கலாம். ரயில், டைனோசர், வரைபடம் எதுவாகவும் இருக்கட்டும். அங்கே அவன்தான் விஷயம் தெரிந்தவன்.

டேமியன் மில்டன் என்ற ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவதுபோலவே மற்றவர்களும் அவர்களைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார்கள், குறை இரு பக்கமும் இருக்கிறது. இது சரியென்றால் பழகக் கற்பிக்க வேண்டியது ஒரு குழந்தைக்கு மட்டுமல்ல, மொத்த வகுப்புக்கும்தான். ஆனால் குழந்தையின் நிலையை வகுப்பில் பெயர் சொல்லி விளக்குவதற்கு முன் குடும்பத்தின் சம்மதமும், முடிந்தால் குழந்தையின் சம்மதமும் வேண்டும்.

படி 10: வீட்டோடு சேர்ந்து, தொடர்ந்து

"எங்களிடம் நன்றாகத்தானே இருக்கிறான், வீட்டில்தான் ஏதோ" என்று பெற்றோரிடம் சொல்லும் முன் யோசியுங்கள். நாள் முழுக்கத் தன்னை அடக்கி, மற்றவர்களைப் பார்த்து நடித்து, வீட்டு வாசலை மிதித்ததும் வெடிக்கும் குழந்தைகள் நிறைய. குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடம் இந்த மறைப்பு அதிகம், அதனாலேயே அவர்களுக்குக் கண்டறிதல் தாமதமாகிறது. வீட்டில் வெடிப்பு அதிகமாகிறது என்று தெரிந்தால் உங்கள் இடத்தில் சுமை அதிகம் என்று எடுத்துக்கொண்டு, நாளின் நடுவில் ஓர் ஓய்வைச் சேருங்கள்.

தினசரித் தொடர்பு நோட்டில் புகார் மட்டும் இருந்தால் பெற்றோர் அதைத் திறக்கவே அஞ்சுவார்கள். இன்று நடந்த நல்லது ஒன்றை, குறிப்பாக, முதலில் எழுதுங்கள். "நன்றாக இருந்தாள்" போதாது. "சறுக்குமரத்தில் முறைக்காகக் காத்திருந்தாள்" என்று எழுதுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஐந்தைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. இரண்டு மூன்று வாரம் விட்டுப் பாருங்கள், முதல் சில நாள் மோசமானாலும் உடனே கைவிடாதீர்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை பெற்றோரோடும், இருந்தால் பேச்சுப் பயிற்சியாளர், அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் தொழில்வழிச் சிகிச்சையாளரோடும் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) உட்கார்ந்து நோட்டைப் பாருங்கள். பலிக்காததை விடுங்கள். தேவை தீர்ந்துபோனதையும் விடுங்கள். கற்ற சொற்களையோ திறன்களையோ குழந்தை இழந்துகொண்டு வந்தால் அடுத்த கூட்டம்வரை பொறுக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஆண்டு முடிவில் வகுப்பு மாறும்போது பாதி உழைப்பு வீணாகிவிடுகிறது, காரணம் புது ஆசிரியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கண்டுபிடிக்கிறார். அந்த ஒருபக்கத் தாளைப் புதுப்பித்து நேரில் கொடுங்கள், கூடவே அரைமணி நேரம் பேசுங்கள். புது அறை, புது ஆசிரியர், புதுக் கழிப்பறை ஆகியவற்றின் புகைப்படங்களை விடுமுறைக்கு முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். யாரும் இல்லாத ஒரு நாளில் குழந்தை அந்த அறைக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். பழைய படஅட்டவணையையும் டைமரையும் புது அறைக்குக் கொண்டுபோய், குறைந்தது முதல் மாதமாவது அதே உயரத்தில், அதே வரிசையில் மாட்டிவையுங்கள்.